கொஸினாகிக்குக் கிடைத்த இடம்

புத்தாண்டுக்கு முந்தின நாள் திபிலிசி நகரமே கொஸினாகி என்ற தேன் வால்நட் மிட்டாய் கிண்டிக்கொண்டிருந்தது. லமாரா வீட்டு அடுப்பு மட்டும் அணைந்து கிடந்தது. வால்நட் கிண்ணத்தையும் தேன் ஜாடியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசைமேல் ஒரு அச்சுத்தாளை விரித்து வைத்திருந்தாள் அம்மா சியாலா.

அரசாங்கம் வெளியிடும் கலைக்களஞ்சியத்தில் அம்மாவுக்கு வேலை. அன்று காலைதான் உத்தரவு வந்திருந்தது. அமைச்சர் கொஸாட்ஸேவுக்குப் பதவி போய்விட்டதாம். அவரைப் பற்றிய கட்டுரையும் படமும் புத்தகத்தில் இருக்கக் கூடாதாம்.

கொஸாட்ஸே வேறு யாருமில்லை, மாடிவீட்டு மாமாதான். நேற்றுவரை படிக்கட்டில் அவருக்கு வணக்கம் சொல்லக் கூட்டம் நிற்கும். இன்று அவர் இறங்கி வந்தபோது எல்லாரும் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். லமாராவுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

"எடுத்துட்டாப் போச்சு, இதுக்கு ஏம்மா இவ்வளவு கவலை?" என்றாள் லமாரா.

"எடுத்தா அங்க ஓட்டை விழும்டி. மத்த பக்கமெல்லாம் அச்சாயிருச்சு. அதே இடத்துல, அதே அளவுக்கு வேற ஒண்ணு வேணும். அதுவும் 'கொஸ்'ஸுன்னுதான் தொடங்கணும். சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்."

போன தடவை ஒருவர் இடத்தை வெறுமனே விட்டுவிட்டாராம். இங்கே யார் இருந்தார் என்று ஊரே கேட்க, அவர் வேலை போயே போய்விட்டதாம். அதைக் கேட்டதும் லமாரா ஓடிப்போய் அகராதியை எடுத்து வந்தாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், சம்பாதிப்பது அம்மா ஒருத்திதான்.

அகராதியைப் புரட்டினார்கள். கிடைத்த ஓரிரு சொற்களும் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தன. ஜன்னலில் வெயில் சரியத் தொடங்கியது. லமாராவுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொள்ள ஒரு வால்நட்டை வாயில் போட்டாள். மென்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, கொஸினாகி."

"இப்ப அதுக்கு என்ன அவசரம்?"

"அவசரம்தாம்மா. அது 'கொஸ்'ஸுலதானே தொடங்குது?"

அம்மா புத்தகத்தின் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இல்லவே இல்லை. அணைக்கட்டு, தளபதி என்று தேடித் தேடி எழுதிய பெரிய மனிதர்கள், வருஷா வருஷம் தின்பதை மறந்துபோயிருந்தார்கள்.

உடனே அடுப்பு எரிந்தது. லமாரா தேனைக் காய்ச்சி, வால்நட்டைப் போட்டுக் கிளறிக்கொண்டே சொல்ல, அம்மா எழுதினாள். நனைத்த பலகையில் கொட்டித் தட்டுவதும், சாய்சதுரமாக வெட்டுவதும் எழுதியாயிற்று. தட்டில் அடுக்கிய கொஸினாகியின் படத்துக்கும் இடம் விட்டாயிற்று. அப்படியும் ஒரு வரி குறைந்தது.

"சரியா காய்ச்சலேன்னா பல்லுல ஒட்டும்னு எழுதும்மா."

"கலைக்களஞ்சியத்துலயா?" என்று அம்மா தயங்கினாள். ஆனால் எழுதினாள். சாயங்காலம் அம்மா கொண்டுபோய்க் கொடுக்க, தலைமைப் பதிப்பாசிரியர் அந்த வரியை அடித்தாராம். மறுபடி ஓட்டை விழவே, தானே சேர்த்துவிட்டாராம். வேலை தப்பியது.

மறுநாள் புத்தாண்டு. விடிந்ததும் முதலில் வாசல்படி மிதிப்பவர் இனிப்போடு வர வேண்டும், அவர் ராசிதான் வருஷம் முழுக்க வீட்டுக்கு. மற்ற வருஷமெல்லாம் கொஸாட்ஸே மாமா வீட்டுக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்கள். இன்று படிக்கட்டில் ஒரு காலடிச் சத்தமும் இல்லை. லமாரா தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

"போயிட்டு வா," என்றாள் பிறகு. "பல்லுல ஒட்டாது, நல்லா வந்திருக்கு."

லமாரா படியேறி மாடிக் கதவைத் தட்டினாள். மாமா கதவைத் திறந்ததும், சொல்லக் கூடாதென்று நினைத்ததுதான் முதலில் வாயில் வந்தது.

"மாமா, புத்தகத்துல உங்க இடத்துல இதைப் போட்டுட்டோம்."

மாமா தட்டைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்றார்.

"என்னைப் பத்தி எழுதினதைவிட இதுல விஷயம் இருக்கு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி விட்டார். "வாசல்லயே நிக்காதம்மா, வலது காலை வச்சு உள்ளே வா."