நாலாம் டேபிள் தண்ணீர்

நாலாம் டேபிளில் டம்ளர் நிரம்பியிருந்தது. கண்ணாயிரம் இன்னும் ஜக்கைக் கையிலேயே எடுக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது, ஐப்பசி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியதில், சனி ஞாயிறு காரில் கிரிவலம் வந்த கூட்டம் நின்றுபோயிருந்தது. தேரடித் தெருவில் ராஜமாணிக்கத்தின் ஹோட்டலில் இருந்த பதினோரு சப்ளையர்களில் மிஞ்சியது கண்ணாயிரம் ஒருவர்தான். அவர் ஒரு நாள் நடக்கும் நடையை நேராக்கிப் போட்டால் மலையை ஏழு முறை சுற்றிவிட்டு எட்டாவதில் பாதி வந்திருக்கும். சமையல்காரி தங்கம்மாளும் எல்லாவற்றையும் ஆக்கி மூடிவைத்துவிட்டு மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும்.

"ஆளு கம்மினு கஸ்டமருக்குத் தெரியக்கூடாது. ஒருத்தன் எழுந்து போனாலும் நீயும் வீட்டுக்குப் போயிடு" என்றிருந்தார் முதலாளி. கண்ணாயிரத்துக்கு வீடு என்பதே சமையலறைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே விரித்த பாய்தான்.

அதனால் காலிச் சமையலறையைப் பார்த்து அதட்ட ஆரம்பித்தார். போனவர்கள் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. புதிதாக நாலு பெயர் வைத்துக்கொண்டார். "அருணகிரி! நாலுக்குத் தண்ணி! டேய் வேணு, தூங்கறியா?" என்று கத்திவிட்டு, உள்ளே ஓடி அவரே எடுத்து வருவார். பாயில் படுத்தபின் அருணகிரியோடு கொஞ்ச நேரம் பேசவும் செய்தார். பேச வேறு யார் இருந்தார்கள்?

இன்று நாலு மணிக்கே மழை இருட்டு. கரண்ட் இல்லை. ஈரச் சாக்கு வாடையும் ஆறிய சாம்பார் வாடையும் கலந்து கூடத்தில் கனத்து நின்றன. நாலாம் டேபிளில் உட்கார்ந்த கீழ்பென்னாத்தூர்க்காரர் டம்ளரை வாயில் வைத்து எடுத்தார்.

"இன்னாங்க இது, பாழுங்கிணத்துத் தண்ணியா? பல்லு உதிர்ந்துடும்போல."

கல்லாவிலிருந்து ராஜமாணிக்கம் விளையாட்டாகக் கூவினார். "அருணகிரி! ரெண்டுக்கு சாம்பார்!"

கண்ணாயிரம் திரும்பினார். இரண்டாம் டேபிளில் சாம்பார் இருந்தது. பக்கத்தில் ஈர விரல் தடம். ஆறு விரல்.

"மொதலாளி, உள்ள யாருமே இல்லீங்க."

"யாரா இருந்தா இன்னா? லீவு கேக்கல, சோறு கேக்கல." ராஜமாணிக்கத்துக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன. "நாளையிலேர்ந்து நீ வேணாம்பா. பாயைச் சுருட்டிக்கோ."

பாயை எடுக்கச் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும்.

குழாய் சொட்டவில்லை. அடுப்பு செத்திருந்தது. யாரோ மூச்சுவிட்டார்கள். ஒருவர் அல்ல, பலர்.

சுவரோரம் நாலு பேர். வரிசையாக. ஈரக் கையில் ஆளுக்கொரு டம்ளர்.

கண்ணாயிரம் அவர்களுக்குப் பெயர் மட்டும்தான் வைத்திருந்தார். முகம் வைக்கவில்லை.

வரிசையின் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் காலி இடம். அங்கே தரையில் ஒரு டம்ளர். நிரம்பியது.

வெளியே முதலாளி பழக்கதோஷத்தில் கூவினார். "கண்ணாயிரம்! நாலுக்குத் தண்ணி!"

நாலு தலையும் கண்ணாயிரம் பக்கம் திரும்பின.

"வரேங்க" என்று சொல்லப் பார்த்தார். சத்தம் வரவில்லை. வாய் இருந்த இடத்தை அவர் கை தேடியது. வழவழவென்றிருந்தது.