அறுபது கிலோ

மேடைமீது ஒன்றுமே இல்லை. ஆனால் திரையில் அறுபது என்று நின்றது.

பரசுராமன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஐப்பசி மழை காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்து, வாலாஜாபாத் ரோட்டோரத்து அந்த லாரி எடைமேடையைக் கழுவிப்போட்டிருந்தது. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஊறிய நெல்லின் புளித்த வாடையும் டீசல் வாடையும் ஈரத்தோடு கலந்து அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. லாரி இல்லை, மாடு இல்லை, ஒரு காக்கைகூட இல்லை.

அறுபது அவனுக்குப் புதிதில்லை. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் அது வந்து நிற்கும். அடியில் சேறு அடைத்திருக்கும், பொத்தானை அழுத்திவிடு என்று ரிப்பேர்காரர் போனில் சொன்னதைக் கேட்டு அவனும் அழுத்துவான், சைபர் ஆகிவிடும். இன்று அழுத்தியும் போகவில்லை.

மத்தியானத்திலிருந்து கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏற்றிக்கொண்டிருந்தாள் ஏஞ்சல். காஞ்சிபுரத்துக் கடையிலிருந்து முதலாளி வரவழைத்த பெண்.

"இன்னாண்ணா, காலி மேடைக்கு வெயிட் காட்டுது?"

பரசுராமன் பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தான். முப்பது வருஷம் மூட்டை தூக்கி முதுகெலும்பு தேய்ந்தவன். நாற்பத்தைந்து வயதில் முதியோர் பள்ளிக்குப் போய்த் தமிழ் எழுத்துக் கூட்டப் பழகியதால்தான் இந்த நாற்காலி கிடைத்தது. இங்கிலீஷ் தெரியாது. திரையை அவன் படித்ததே இல்லை, எது எங்கே இருக்கிறதென்று இடம் பார்த்து வைத்திருந்தான். மனைவி இந்திராணியின் ஸ்டிக்கர் பொட்டுகள்தான் அவனுக்கு வழிகாட்டி. சைபர் பொத்தானில் பச்சைப் பொட்டு. பழைய சிஸ்டத்துக்கு ஆயுசு முடிகிறது, மாற்றிக்கொள் என்று ஒரு நீலப் பெட்டி தினமும் திரையின் குறுக்கே வந்து நிற்குமே, அதில் 'பிறகு' என்ற இடத்துக்கு நேராகத் திரை ஓரத்தில் சிவப்புப் பொட்டு. பிறகு, பிறகு என்று ஆயிரம் தடவை தள்ளியிருப்பான். நேற்று முதலாளி உதயகுமார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இனிமே தள்ளாத பரசு. புதுச கத்துக்க முடியலன்னா சொல்லு, மறுபடி மூட்டைக்கே போயிடு."

இந்த முதுகில் இன்னொரு மூட்டை ஏறினால் அவன் எழுந்திருக்க மாட்டான். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து டாக்டரே சொன்னது.

"பழசையே உட்ருக்கலாமேம்மா. நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சி."

"எங்க நல்லா? கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சி சாமி கும்பிட்டுக்கினு இருந்திருக்கீங்க." அவள் சிரித்துக்கொண்டே பொட்டுகளை நகத்தால் உரித்துப் போட்டாள். "நீங்க அழுத்தி அழுத்தி மறைச்சதெல்லாம் பழைய சிஸ்டத்தோட போச்சிண்ணா. இனிமே இருக்கறத இருக்கற மாதிரியே காட்டும்."

"மேல ஒண்ணும் இல்லியே."

"அப்ப அடியில இருக்கும்."

அவன் ஜன்னல் வழியாக மேடையின் அடிப்பக்கம் பார்த்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே ஐப்பசியில், மேடையை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தி, ஆதிகேசவன் அடியில் புகுந்து சேறு வாரிக்கொண்டிருந்தான். இருபது வருஷம் இவனோடு மூட்டை தூக்கியவன். பரசுராமன் நாற்காலிக்கு வந்து ஆறாவது நாள். அன்றைக்குத்தான் அந்த நீலப் பெட்டி முதன்முதலாக வந்தது. திரையையே மூடிக்கொண்டது. எதை அழுத்தினாலும் போகவில்லை. வெளியே நெல் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. எரிச்சலில், தலைநிமிராமலே, லாரியை மேடைமேல் வரச்சொல்லும் பச்சை விளக்கைப் போட்டுவிட்டான்.

ஆதிகேசவன் நசுங்கிச் செத்த கேஸ் டிரைவர்மேல் போனது. விளக்கைப் பற்றி யாரும் இவனைக் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

ஆதிகேசவன் ஒல்லி. மூட்டைத் தராசில் விளையாட்டாக ஏறி நின்று, "அறுபதுதான்டா பரசு, உன் நெல்லு மூட்டைய விடக் கம்மி" என்று சிரிப்பான்.

"அண்ணா, நீங்க எவ்ளோ வெயிட்டு?"

"அம்பது."

"போய் மேல நில்லுங்க. நூத்திப்பத்து வருதான்னு பாக்கலாம்."

"மழையா இருக்குதேம்மா."

"அப்ப மிஷின் செட் ஆவலன்னு மொதலாளிகிட்ட சொல்லிடட்டுமா?"

போனான்.

ரோட்டில் ஒரு நெல் லாரி வந்து காத்து நின்றது. அதன் என்ஜின் உறுமலையும் மீறி, தகட்டில் கால் வைத்ததும் அது கேட்டது. காலுக்கு அடியில். மண்வெட்டி சேற்றை வாரும் சத்தம்.

சரக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

சரக்.

"நூத்திப்பத்து!" ஜன்னலிலிருந்து ஏஞ்சல் கத்தினாள். "எறங்குங்கண்ணா!"

இறங்கினான். லாரி ஏறும் சரிவில் கால் வைத்தான். அடியில் சத்தம் நின்றுபோனது.

"அண்ணா, சைபர் ஆயிடுச்சி! நீங்க ஏறி எறங்கினதுல அதுவா சரியாயிடுச்சி!"

மூச்சு விட்டான். நிமிரப் பார்த்தான்.

முடியவில்லை.

முப்பது வருஷம் சுமந்த முதுகு. அதற்குத் தராசு வேண்டாம். ஏறியது எத்தனை கிலோ என்று அதுவே சொல்லிவிடும். முழங்கால் மடிந்தது. சட்டைக்குள் சேறு வழிந்தது. பிடரியில் குளிர்ந்த மூச்சு.

"ஏன்ணா குனிஞ்சே நிக்கிறீங்க? எதனா விழுந்துடுச்சா?"

வாய் திறந்தான். குரல் வரவில்லை. மூட்டை நழுவாமல் இருக்க லோடுமேன் கொக்கி மாட்டுவானே, அதுபோல இரும்பின் நுனி ஒன்று அவன் தோளில் பதமாக இறங்கியது.

லாரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

"ஐயே, இது வேற குறுக்க வந்துக்கினு." ஏஞ்சல் திரைப்பக்கம் திரும்பிவிட்டாள். அவள் முகத்தில் நீல வெளிச்சம். எதையோ அழுத்தினாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். தலைநிமிராமலே ஒரு கையை நீட்டி, விளக்கைப் போட்டாள்.

மழைத் தண்ணீர் பச்சையானது.

லாரி நகர்ந்தது. அதன் வெளிச்சம் முழுசாக அவன்மேல் விழுந்தது. எதிர்ச் சுவரில் அவன் நிழல் எழுந்தது. குனிந்த ஒரு முதுகு. அதன்மேல், கழுத்தைக் கட்டிக்கொண்டு, லாரி வருகிற பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்திருந்த இன்னொரு ஆள்.