நீலம் இறங்கிவிட்டது

"கையை மடியில வை. மூக்கை மட்டும் நீட்டிக்கலாம்" என்றாள் சித்தி.

வாண்டு கையை மடியில் வைத்தாள். மூக்கை நீட்டினாள். பள்ளி விடுமுறை, வீட்டில் யாரும் இல்லை. அதனால்தான் சித்தி அவளைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்திருந்தாள்.

மேசைமேல் ஒரு தட்டு. அதில் இரண்டு குழிகள். ஒவ்வொரு குழியிலும் தண்ணீர், அந்தத் தண்ணீரில் தொங்கும், சல்லடைபோல் அடியுள்ள ஒரு குட்டிக் குவளை.

"குவளைக்குள்ள என்ன சித்தி?"

"குடலோட உள்தோல். நாங்க வளர்த்தது. செல்லெல்லாம் ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு, அடியில பாய் விரிச்ச மாதிரி நிக்குது."

"பாய் எங்கயாவது நிக்குமா?"

"வாயாடி! ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தலைப்பக்கம், ஒரு கால்பக்கம் உண்டு. தலைப்பக்கம் சாப்பாட்டை வாங்கும். கால்பக்கம் அதை ரத்தத்துக்கு அனுப்பும்."

"எது தலை, எது கால்னு அதுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். கீழ தரை தட்டுப்படும், பக்கத்துல தோள் தட்டுப்படும். தரை இருந்தா அது கால்பக்கம். எதுவுமே இல்லாத பக்கம் தலை. அப்புறம் தோளோட தோள் சேர்ற இடத்துல ஒரு வேலி கட்டிக்கும். மேல் சவ்வுல இருக்கிறது கீழ நழுவாது, கீழ இருக்கிறது மேல வராது, தண்ணிகூட இடுக்கு வழியா இறங்காது. அந்த வேலி இறுகறதுக்குத்தான் மூணு வாரமா காத்துக்கிட்டு இருந்தேன்."

மற்ற குவளைகள் எல்லாம் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போயின. மிஞ்சியவை இந்த இரண்டுதான். இடது குவளை ஒப்பிட்டுப் பார்க்க; வலது குவளையில் மட்டும் ஒரு புது மருந்து விட்டிருந்தார்கள். வயிற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்கான மருந்து. அது வேலியை உடைக்காமல் இருக்க வேண்டும். மேலே நீலச் சாயம் ஊற்றுவார்கள். நீலம் கீழே கசிந்தால் வேலி உடைந்துவிட்டது என்று பொருள்.

"பேராசிரியரைக் கூட்டிட்டு வரேன். எதையும் தொடாதே, கண்ணு!"

சித்தி போனாள். வாண்டு குவளைகளைப் பார்த்தாள். வலது குவளைக்குள் தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருப்பதுபோலத் தெரிந்தது.

'பாவம், தாகமா இருக்கும்.'

பக்கத்தில் செல்களுக்கு உணவான ஊட்டநீர்ப் புட்டியும் உறிஞ்சுகுழலும் இருந்தன. தொடாதே என்றுதான் சித்தி சொன்னாள். ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தப்பா என்ன? குழலில் கொஞ்சம் எடுத்துக் குவளைக்குள் விட்டாள். குழலின் முனை அடியில் உரசியது. 'கிரீச்' என்று ஒரு மெல்லிய அதிர்வு விரலில் தெரிந்தது. சட்டென்று எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் கையை மடிக்குக் கொண்டுவந்தாள்.

சித்தியும் பேராசிரியரும் வந்தார்கள். சித்தி நீலச் சாயத்தை ஊற்றினாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

இடது குவளையில் நீலம் மேலேயே நின்றது. வலது குவளைக்குக் கீழே மெல்ல, புகைபோல, நீலம் இறங்கியது.

சித்தி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மருந்து சரியில்லம்மா" என்றார் பேராசிரியர். "விட்டுடுவோம். வேற மருந்து பார்க்கலாம்."

"இவ்வளவு நம்பிக்கையா இருந்தேனே சார்..."

வாண்டு மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மருந்து? வயிறு வலிக்கிற அந்தக் குழந்தைகள்?

"சித்தி, மருந்து இல்ல. நான்தான்."

"நீயா?"

"தாகமா இருக்கும்னு தண்ணி விட்டேன். குழல் அடியில இடிச்சிடுச்சு."

பேராசிரியர் குவளையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"ரூல் போட்ட மாதிரி நேர்க்கோடு. எந்த மருந்தும் இப்படிக் கோடு போடாது. இந்தச் சோதனை செல்லாது. மருந்தை ஒதுக்க வேணாம்."

வாண்டுவும் பார்த்தாள். கோட்டின் ஓரத்தில் செல்கள் பிய்ந்து, உருண்டு கிடந்தன. பிடித்துக்கொள்ளத் தோளும் இல்லை, ஊன்றத் தரையும் இல்லை. எது தலை, எது கால் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

சித்தி திட்டவில்லை. திட்டியிருந்தாலே தேவலை.

"மறுபடி முதல்லேர்ந்து வளர்க்கணும்" என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை கடற்கரைக்குப் போறதா சொன்னேன்ல, அது இப்போ முடியாது."

"பரவாயில்ல சித்தி. அந்தச் செல்லெல்லாம் என்ன ஆகும்?"

"தூக்கிப் போட்டுடுவோம்."

"அதுங்க ஒண்ணுமே பண்ணலையே."

சித்தி அவளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து வாண்டு மறுபடியும் வந்தாள். புதுக் குவளைகள், புதுத் தோல். சித்தி நீலத்தை ஊற்றினாள்.

நேரம் போனது. மருந்து விட்ட குவளையிலும் நீலம் மேலேயே நின்றது. கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது.

"வாண்டு! பார்த்தியா? கை தட்டு!"

"நீங்களே தட்டிக்கோங்க சித்தி" என்றாள் வாண்டு. அவளுடைய இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் பத்திரமாக இருந்தன.