செத்த கம்பி

காலை ஆறரை. மழை விட்டிருந்தது. பாதையில் அறுந்து கிடந்த மின்கம்பிக்குப் பக்கத்தில் அழகர் இறந்து கிடந்தான். வலது உள்ளங்கை கருகியிருந்தது. அருகில், நுனியில் கொக்கி கட்டிய மூங்கில் தடி. தேடி வந்த மனைவி பரிமளம்தான் முதலில் பார்த்தாள்.

எஸ்.ஐ. பாலாம்பிகை கண்டியிலிருந்து ஜீப்பில் வந்து, மண் சரிந்த இடத்துக்கு மேலே நடந்து சேர்வதற்குள் ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது: கொக்கி போட்டுக் கரண்ட் திருடப் போய்ச் செத்தான். பொலிஸுக்கு இனி என்ன வேலை?

பிலிமத்தலாவைக்கு மேலே, மலைச்சரிவில் சில வீடுகளும் ஒரு கடையும் உள்ள சிற்றூர் அது. மூன்று நாள் முன் அடித்த புயலில் கரண்ட் போனதும் எல்லோரும் கீழே பள்ளிக்கூட மண்டபத்துக்கு இறங்கிவிட்டார்கள். மேலே தங்கியவர்கள் இரண்டே பேர்: கடைக்கார ராஜலிங்கமும், ஆட்டை விட்டு வரமாட்டேன் என்ற கமலமும்.

"நேத்து சாயங்காலம் கூரையப் பாக்க ஏறிப் போனாரு மிஸ். புள்ளைங்க நடக்கிற பாதை, அந்தக் கம்பிய இழுத்து ஓரமாப் போட்டுட்டு வர்றேன்னாரு," என்றாள் பரிமளம். "மழைக்கு வீட்டுலயே தங்கிட்டாருன்னு நெனச்சேன். கள்ளன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க மிஸ். எம் மக இந்த ஊர்லதானே தலைநிமிந்து நடக்கணும்."

பாலாம்பிகை நினைத்துக்கொண்டாள்: புருஷனைப் பறிகொடுத்த அன்றே அவன் பேருக்காகவும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே!

அடுத்து கமலத்தின் வீடு.

"கம்பி எப்ப விழுந்திச்சு?"

"புயலன்னைக்கே. செத்த கம்பிதானே மிஸ்? நேத்து மத்தியானம்கூட அது தொங்குற பக்கம்தான் ஈரச் சீலையக் காயப் போட்டேன்."

"அதுக்கப்புறம் கரண்ட் வந்திச்சா?"

"பொழுது சாயுறப்ப பல்பு செவப்பா, மங்கலா எரிஞ்சிச்சு. சாமியக் கும்பிடக் கையெடுக்கறதுக்குள்ள அணைஞ்சிருச்சு."

பாலாம்பிகை மின்சாரக் காரியாலயத்துக்குப் போன் போட்டாள். மலையடிவாரத்தில் தூணே சாய்ந்து கிடக்கிறது, புயலுக்குப் பிறகு மேலே ஒரு சொட்டுக் கரண்டும் அனுப்பவில்லை என்றார்கள்.

கடையில் ராஜலிங்கம் ஓடிவந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். "பாவம் மிஸ். பேச்ச வளக்காம அடக்கம் பண்ணிறலாம். பெட்டிக்குக்கூட நானே சொல்லிட்டேன். களைச்சு வந்திருக்கீங்க, சோடா குடிங்க."

வாங்கிய போத்தல் கையில் வழுக்கியது. வெளிப்புறமெல்லாம் நீர் முத்து. அவள் அதைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள்.

"உங்ககிட்ட ஜெனரேட்டர் இருக்கா?"

"இருக்கு. புயலுக்கு முந்தியே பழுது."

"அப்ப இந்தச் சோடா எப்படி இவ்வளவு குளிரா இருக்கு?"

ராஜலிங்கம் மேசையிலிருந்த போத்தலை எடுக்கக் கை நீட்டினார்.

"ஊரே ஒரு விசயத்த யோசிக்கல. கரண்டே இல்லாத கம்பியில எந்தக் கள்ளனாவது கொக்கி போடுவானா?" என்றாள் பாலாம்பிகை. "நேத்து சாயங்காலம் ஜெனரேட்டர் வயர வீட்டு பிளக்குல சொருகிட்டீங்க. மெயின் சுவிட்ச அணைக்கல. உங்க கரண்ட் வெளிக் கம்பிக்குத் திரும்பிப் போயிருச்சு. கமலத்தோட பல்பு எரிஞ்சது அதாலதான். அழகர் செத்ததும் அதாலதான். ஏன் அணைக்கல?"

"லைன்ல கரண்ட் வந்தா தெரியணுமேன்னு..." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கத்துற சத்தம் கேட்டதும் நிப்பாட்டிட்டேன் மிஸ். சத்தியமா தெரியாமச் செஞ்சது. அப்புறம் மெயின அணைச்சுட்டுத்தான் மறுபடி ஜெனரேட்டரப் போட்டேன்."

"அது தெரியாமச் செஞ்சது. கொக்கித் தடி?"

ராஜலிங்கம் முகத்தை மூடிக்கொண்டார். "ஓடிப் போனப்ப மூச்சு இருந்திச்சு. ஜெயிலுக்குப் போயிருவேன்னு பயந்துட்டேன். இங்க வந்து தடியக் கட்டி எடுத்துட்டுப் போறதுக்குள்ள..."

கீழே பள்ளிக்கூடத்தில் வேன் நின்றது, தூக்க ஆட்கள் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பாலாம்பிகைக்கு அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

திரும்பினாள். வாசலில் பரிமளம் நின்றாள். எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"கள்ளன் இல்லன்னு நானே எழுதுறேன் பரிமளம்," என்றாள் பாலாம்பிகை.

அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கேட்டாரா அண்ணே?"

ராஜலிங்கம் தலை குனிந்தபடி சொன்னார்: "கேட்டாரு."