திருவிருந்துக்கு வந்தவள்

திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து சித்தூர் பஸ் கிளம்பும்போதே நிற்க இடமில்லை, ஆனால் யூனிஸுக்குப் பக்கத்தில் ஜன்னலோர சீட்டு மட்டும் காலியாகவே இருந்தது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலைகள், லட்டுப் பைகளிலிருந்து கசியும் நெய் வாசனை, ஏப்ரல் வெயிலில் கொதிக்கும் தகரம், வீறிட்டு அழும் குழந்தைகள், இத்தனைக்கும் நடுவே ஒவ்வொருவரும் அந்த சீட்டைப் பார்த்து ஆசையாகக் கிட்டே வந்து, சட்டென்று நகர்ந்து போனார்கள். இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தியிடம், "உள்ள போய் உக்காருங்கம்மா, யாரும் இல்ல" என்றாள் யூனிஸ்.

அவள் ஜன்னலோரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "வேணாம்மா. அந்தப் பொண்ணு தூங்கிக்கினு இருக்குதே, எதுக்கு எழுப்பணும்?"

யூனிஸ் மெதுவாகத் திரும்பினாள். வெறும் ரெக்ஸின் சீட்டு. நேராக வெயில் விழுந்தும் அது நனைந்திருந்தது, கிணற்றுப் பாசி வாசனை அடித்தது. சேச்சே, எவளாவது தண்ணீர் பாட்டிலைக் கொட்டியிருப்பாள், வேறென்ன?

எட்டு மாதமாக ஜாம்பியாவில் ஒரு மிஷன் பள்ளியில் அவள் தொண்டு டீச்சர். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுந்துவிட்டால் அங்கிருந்து லண்டன், அமெரிக்கா என்று போய்க்கொண்டே இருக்கலாம். வீட்டுக்கு ஒருத்தர் குவைத்துக்குப் போன காலத்தில் சபைப் பெண்கள் எல்லோரும் இந்த ஜாம்பியா வேலைக்குத்தான் ஆலாய்ப் பறந்தார்கள். இப்போது பள்ளி விடுமுறை. திரும்பிப் போக வேண்டுமானால் ஊர்ப் பாஸ்டரின் கடிதம் வேண்டும், சபையில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கித் தவறாமல் திருவிருந்து எடுக்கிற பிள்ளை என்று அவர் எழுதித் தரவேண்டும். இந்த ஞாயிறு போய் முழங்கால் போட்டுவிட்டால் திங்கட்கிழமை கடிதம் கைக்கு வந்துவிடும். அது இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இந்தச் சித்தூர்தான்.

போன வருஷம் அந்தக் கடிதம் சுஜிதாவுக்குத்தான் போக இருந்தது. ஞாயிறு பள்ளியில் இருந்து யூனிஸோடு ஒன்றாகப் படித்தவள், மார்க்கும் அவளுக்குத்தான் அதிகம். யூனிஸ் ஒரே ஒரு சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். "ஐயா, கங்கம்மா ஜாத்திரையில சுஜிதா விக்கிரகத்துக்குப் படைச்ச கூழ் வாங்கிக் குடிச்சா. என் கண்ணால பாத்தேன்." அது போதுமே! விசாரணை கூடியது, சுஜிதாவுக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது, கடிதமும் போயிற்று. ஆறு ஞாயிறு அவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து மற்றவர்கள் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது ஞாயிறு அவளை மாந்தோப்புக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

உண்மையில் அந்தக் கூழைக் குடித்தவள் யூனிஸ். பசித்தது, குடித்தாள். வேண்டாம் என்று கூட நின்றவள் சுஜிதா. விசாரணையிலும் அவள் யூனிஸின் பெயரைச் சொல்லவில்லை. நானா அவளைக் கிணற்றில் தள்ளினேன்? அவளாகப் போய் விழுந்தால் நான் என்ன செய்வது? ஜாம்பியாவில் கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு இதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் நைனா இஸ்ரேல் வாசலிலேயே நின்றார். மகளை அணைத்துக்கொண்டவர் கையை உதறினார். "இன்னாம்மா, முதுகெல்லாம் இப்டி நனைஞ்சி கீது? மழையா பெய்யுது?"

"வேர்வை நைனா."

"வேர்வை இவ்ளோ சில்லுனா இருக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை. சபைக் கோயில் ஜன்னல்கள் திறந்து கிடந்தன, வெளியே ஆட்டோ சத்தம், உள்ளே மல்லிகை, பவுடர், சலவை வேட்டி. பயப்பட ஒன்றுமே இல்லை. வரிசை எழுந்தபோது யூனிஸும் எழுந்து, பீடத்தின் முன் கம்பி அருகே முழங்காலிட்டாள். நெருக்கி நெருக்கிப் பத்துப் பேர். அவளுக்கு வலது பக்கம் மட்டும் ஒரு ஆள் இடம் விட்டிருந்தது. அவள் நகர்ந்து அதை மூடப் பார்த்தாள். தோள் எதன்மேலோ இடித்தது. ஈரமான தோள்.

எழுந்து ஓடிவிடு என்றது மனசு. ஓடினால் கடிதம்? பாதிப் பந்தியில் எழுந்து போனவளுக்கு எவர் கடிதம் தருவார்? பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஐந்து நிமிஷம்தான்.

பாஸ்டர் அப்பத்தோடு வலமிருந்து வந்தார். காலி இடத்தில் நின்றார். ஒரு துண்டை எடுத்து நீட்டினார். நகர்ந்தபோது கையில் அந்தத் துண்டு இல்லை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, நைனாவும் பெஞ்சில் உட்கார்ந்து சாதாரணமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

பிறகு கிண்ணம் வந்தது. காலி இடத்தில் சாய்ந்தது. குடிக்கிற சத்தம் கேட்டது. மடக். மடக். எட்டு மாதத் தாகம். பாஸ்டர் விளிம்பைத் துணியால் துடைத்தார். வெள்ளைத் துணியில் பச்சையாக ஒட்டியது.

அடுத்து அவள்.

இப்போதாவது சொல்லிவிடலாம். சொன்னால் விட்டுவிடுவாளோ? வேலை போகட்டும், கடிதம் போகட்டும். "ஐயா, அது பொய்..." என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் கிண்ணம் வந்து பொருந்தியது.

ரசம் இல்லை. தண்ணீர். சில்லென்று, இலை அழுகிய தண்ணீர். ஒரு மிடறு விழுங்கினாள். இன்னொரு மிடறு. தலையைப் பின்னால் இழுத்தாள். பிடரியில் ஒரு கை அழுத்தியது. ஊறிச் சுருங்கிய விரல்கள். காதருகே, பாசி மூச்சோடு, பழைய சிநேகிதியின் அதே கொஞ்சல் குரல்: "குடிடீ. உனக்குன்னு எட்த்தாந்தேன்."

வரிசை எழுந்து போனது. அவள் எழவில்லை. பாஸ்டர் பொறுமையாகச் சாய்த்துக்கொண்டே இருந்தார். உள்ளங்கை அளவு கிண்ணம். பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டு தொடங்கியது. மூக்கு வழியாக, கண் வழியாகத் தண்ணீர் வழிந்து சேலையை நனைத்து, கம்பிக்கு அடியில் ஓடி, பீடத்துப் படியில் சொட்டியது. கிண்ணம் இன்னும் விளிம்பு வரை நிறைந்திருந்தது.