பாட்டுக்குப் பின்னாடி ஒரு மூச்சு

எல்லாரும் எப்படி இருக்கீங்க கண்ணுங்களா? சளி, இருமல், முட்டிவலி எதுவும் படுத்தாம இருக்கா? காது நல்லாக் கேக்குதா? கேட்டா சந்தோஷம். ரொம்ப நல்லாக் கேக்கணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க. ஏன் சொல்றேன்னா, ஒரு பல் டாக்டர் இருந்தாரு, அவருக்கு நடந்ததைக் கேளுங்க.

அவருக்கு மனப்பாடமான பழைய பாட்டு ஒண்ணு உண்டு. மொத அடி முடிஞ்சு அடுத்த அடி எடுக்கறதுக்கு முன்னாடி, பாடற அந்தம்மா லேசா ஒரு மூச்சு இழுப்பாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், புதுசா வாங்கின ஸ்பீக்கர்ல அந்த இடம் வந்துது. அந்தம்மா மூச்சு இழுத்தாங்க. உடனே இன்னொரு மூச்சு கேட்டுது. அது அந்தம்மாவோடது இல்ல.

அந்த ஸ்பீக்கரை அவரு ஆடம்பரத்துக்கு வாங்கலைங்க. கல்யாணமான புதுசுல அவரும் பொண்டாட்டியும் ஒரு சின்ன ரேடியோவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அந்தப் பாட்டைக் கேப்பாங்க. விட்டுப் போனவனை நினைச்சு ஒருத்தி உருகற பாட்டு. நடுவுல அந்தக் குரல் ஒரு நடுங்கு நடுங்கும் பாருங்க, ரெண்டு பேருக்கும் கண்ணு நிறைஞ்சுடும். அப்புறம் வருஷமெல்லாம் பல்லைத் தொளைக்கற மிஷினோட கிர்ருங்கற சத்தத்துலயே ஓடிப்போச்சு. மனசு எப்ப காஞ்சுதுன்னு அவருக்கே தெரியல. பொண்ணைக் கட்டிக்குடுத்து வண்டி ஏத்துனப்ப ஊரே அழுதுது, இவரு கண்ணு மட்டும் வறண்டு கெடந்துது. "மரக்கட்டைக்குப் பொண்டாட்டியா இருக்கேன்"னு வீட்டம்மா விளையாட்டாத்தான் சொன்னாங்க. இவருக்கு அது முள்ளாத் தைச்சுடுச்சு. ஒருதரம், ஒரே ஒருதரம் அழுதுட்டாப் போதும்னு இருந்துது. குறை மனசுல இல்ல, பாட்டுப் பெட்டிலதான்னு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கிட்டாரு.

ஸ்பீக்கர் கடைக்காரர் வந்தாரு. பொண்ணு காலி பண்ணிட்டுப் போன ரூம்லதான் எல்லாத்தையும் மாட்டுனாரு. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு, ஜன்னலுக்குக் கம்பளி மாதிரி திரை, தரையில மெத்துனு விரிப்பு. நட்ட நடுவுல ஒரு நாற்காலி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. பட்டப்பகல்ல உள்ள போய்க் கதவைச் சாத்துனா இருட்டுக்குள்ள முங்கின மாதிரி இருக்கும். தெருவுல போற வண்டிச் சத்தம் கேக்காது, சமையல்கட்டுல பாத்திரம் விழுந்தாக் கேக்காது. புது ஸ்பாஞ்சோட ரப்பர் வாசனை மட்டும் தொண்டையில வந்து ஒட்டிக்கும்.

"கண்ணை மூடிட்டு ஒக்காருங்க சார். அந்தம்மா உங்க எதிர்லயே வந்து நிப்பாங்க"ன்னாரு கடைக்காரர்.

"வந்தா காபி யாரு போடறது?"ன்னு வெளியிலேர்ந்து வீட்டம்மா குரல் குடுத்தாங்க.

பாட்டைப் போட்டதும், பாடற அந்தம்மா நெசமாவே எதிர்ல வந்து நின்ன மாதிரிதான் இருந்துது. உதடு பிரியற ஈரச் சத்தம் மொதக்கொண்டு கேட்டுது. அதோட சேர்ந்துதான் அந்த ரெண்டாவது மூச்சும்.

மறுநாளே கடைக்காரரைக் கூப்பிட்டுக் காமிச்சாரு.

"அட, பக்கவாத்தியக்காரரு யாராச்சும் மூச்சு விட்டிருப்பாருங்க. பழைய பதிவுல இதெல்லாம் சகஜம். உங்க ரேடியோல கேக்கல, இதுல கேக்குது. அவ்ளோதான்."

"அது வாயைத் தொறந்துக்கிட்டு விடற மூச்சுய்யா."

"காதா சார் அது உங்களுக்கு! இதைவிட ஒசத்தியா ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கு. மாட்டிப் பாத்துடுவமா?"

வேணாம்னு சொல்லியிருக்கணும். ஆனா பாருங்க, அந்த மூச்சைக் கேட்டப்ப அவரு நெஞ்சுக்குள்ள என்னமோ புரண்டுது. எத்தனையோ வருஷம் கழிச்சு, உள்ள ஒண்ணு அசையுது! பயத்தை உருக்கம்னு நெனச்சுட்டாரு பாவம். சரின்னுட்டாரு.

புது ஆம்ப்ளிஃபையர்ல மூச்சு எங்கேர்ந்து வருதுன்னே தெரிஞ்சுது. பக்கவாத்தியக்காரங்க வலதுகைப் பக்கம் ஒதுங்கி ஒக்காந்திருக்கறது சத்தத்துலயே தெரிஞ்சுது. மூச்சு அங்க இல்ல. பாடற அந்தம்மாவுக்கு நேர் பின்னாடி, காதோரமா, யாரோ குனிஞ்சு நிக்கற மாதிரி. அது கிட்ட வர்றப்பல்லாம் குரல் நடுங்குது. அது வெலகுனா நடுக்கம் கொறையுது. மறுபடி கிட்ட வருது. நடுங்குது.

அந்த நடுக்கம் அவருக்குத் தெரியாததா? தெனம் ஊசியைக் கையில எடுத்ததும் எதிர்ல ஒக்காந்திருக்கறவங்க தொண்டையில வர்ற நடுக்கம்தானே அது. காதல் இல்ல. பிரிவும் இல்ல. பயம். அந்தப் பொம்பளை பயந்துக்கிட்டே பாடியிருக்கா. இத்தனை வருஷமா அதைக் கேட்டுத்தான் புருஷனும் பொண்டாட்டியும் உருகியிருக்காங்க.

தட்டுல சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே ஒக்காந்திருந்தாரு. "என்ன, முகத்துல ஈயாடல?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாரு. எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிடலாம்னு போனைக்கூட எடுத்தாரு. ஆனா அந்தம்மா பாட்டை முடிக்கறப்போ என்ன ஆச்சுன்னு தெரியாம விடவும் மனசு வரல. புது ஸ்பீக்கர்ல பாதியிலேயே நிறுத்திட்டு நிறுத்திட்டுத்தானே எழுந்து வந்திருக்காரு. ஒருதரம் கடைசி வரைக்கும் கேட்டுடுவோம்னு சாயங்காலமா உள்ள போயிக் கதவைச் சாத்துனாரு.

பாட்டு ஆரம்பிச்சுது. மொத அடி. அந்தம்மா மூச்சு இழுத்தாங்க.

அடுத்த மூச்சு வரல.

ரெண்டாவது அடியை எடுத்தாங்க. நடுக்கமே இல்ல. தலையில சுமந்த பாரத்தை எறக்கி வெச்ச மாதிரி அப்படி ஒரு நிம்மதி அந்தக் குரல்ல. ஆத்துத் தண்ணி மாதிரி போயிக்கிட்டே இருக்கு. அப்பாடான்னு இவரும் நாற்காலில சாஞ்சாரு.

ரப்பர் வாசனையோட இன்னொரு வாசனை கலந்துது. ரொம்ப நாள் மூடி வெச்ச ஈரத்துணி நாத்தம்.

காதோரத்துல சூடா ஒண்ணு பட்டுது.

ஸ்பீக்கர் ரெண்டும் எதிர்லதானே இருக்கு?

ரிமோட்டைத் தடவி எடுத்து அமுக்குனாரு. பாட்டு நின்னுது.

மூச்சு நிக்கல.

வாயைத் தொறந்துக்கிட்டு விடற மூச்சு. உள்ள. வெளிய. உள்ள. வெளிய. கழுத்து திரும்பலை. "ஏய்... இங்க வாயேன்..."னு கத்துனாரு. ஸ்பாஞ்சு அதை அப்படியே முழுங்கிடுச்சு. அவரு குரல் அவருக்கே தூரத்துல கேட்டுது. மறுபடி கத்த வாயைத் தொறந்தாரு. காதோரத்து மூச்சு இன்னும் கிட்ட வந்துது.

அப்போ, யாரும் எதையும் தொடாமலே, பாட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுது.

வாத்தியம் வந்துது. தாளம் வந்துது. குரல் வரவேண்டிய இடம் வந்துது. குரல் வரல. அந்தம்மா போயிட்டாங்க. வெறும் தாளம் மட்டும் தட்டிக்கிட்டே நிக்குது. யாரோ ஆரம்பிக்கட்டும்னு காத்திருக்கற மாதிரி. பின்னாடி இருந்ததும் காத்துக்கிட்டிருந்துது.

குளிக்கறப்பக்கூட ஒரு வரி முணுமுணுக்காத மனுஷன். வாயைத் தொறந்தாரு.

பாடுனாரு.

குரல் நடுங்குச்சு. கன்னத்துல சூடா வழிஞ்சுது. தொடைக்கக் கையைத் தூக்கப் பயம். நிறுத்தப் பயம். ஒரு அடி முடிஞ்சு மூச்சு இழுத்தா, உடனே பின்னாடி ஒரு மூச்சு.

கதவு தொறந்துது. ஹால் வெளிச்சம் முதுகுப்பக்கத்துலேர்ந்து வந்து எதிர்ச் சுவத்துல விழுந்துது. வாசப்படில நிக்கற வீட்டம்மா நிழல் ஒண்ணு. நாற்காலில இவரு நிழல் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல, இவரு தலைமேல குனிஞ்சபடி இன்னொண்ணு.

"ஏங்க..." வீட்டம்மா குரல் தழுதழுத்துது. "பாடறது நீங்களா? நீங்களா அழறீங்க?"

இவரு பாடிக்கிட்டே இருந்தாரு.

"நிறுத்திடாதீங்க. அப்படியே பாடுங்க"ன்னாங்க. மூக்கை உறிஞ்சறது கேட்டுது. "நான் உள்ள வந்தா கூச்சப்படுவீங்க. வெளியிலயே நின்னு கேக்கறேன்."

நிழல் மூணுலயும் ஒண்ணு மட்டும் பின்வாங்குச்சு. சத்தம் வராம, மெதுவா, கதவு சாத்திக்கிச்சு.

உங்க வீட்லயும் ரொம்ப நாளாக் கேக்கற பாட்டு ஒண்ணு இருக்கும். அதுல எந்த எடத்துல குரல் நடுங்குதுன்னு எனக்கு எழுதுங்க கண்ணுங்களா. ஞாபகத்துல இருக்கறதை மட்டும் எழுதுனாப் போதும், மறுபடி போட்டுப் பாக்காதீங்க.