நனையாத வளையம்

செவ்வாய்க்கிழமை காலை, குழந்தையைக் குளிப்பாட்டி முடித்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றியபோதுதான் தையல்காரி அதைக் கவனித்தாள். பட்டை கிடந்த இடம் நனையவில்லை. குழாயைத் திறந்து மணிக்கட்டை நீட்டினாள். விழுந்த தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, மழைக்கோட்டின் மேல் ஓடுவதுபோல் ஓடி, இரண்டு பக்கமும் உதிர்ந்தது. உள்ளங்கை நனைந்தது. முழங்கை நனைந்தது. நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் எண்ணெய்க் காகிதம்போல் பளபளத்துக்கொண்டு காய்ந்தே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் புதுக்கார் ஒன்றின் கதவைத் திறந்தாற்போல் ஒரு வாடை.

சோப்பின் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தைக்க வேண்டிய துணி மலைபோல் கிடந்தது.

பதினோரு வருஷம் நெசவாலையில் தறிகளுக்கு நடுவே நின்று காதைத் தொலைத்தவள் அவள். எதிரே நின்று உரக்கப் பேசினால் உதடும் ஓசையுமாகச் சேர்த்துப் புரிந்துகொள்வாள். பக்கத்து அறையில் பிள்ளை வீறிட்டால் கேட்காது. அதனால்தான் பேருந்து ஓட்டும் கணவன் அந்தக் கடிகாரத்தை வாங்கிவந்தான். தொட்டிலில் தொங்கும் சின்னப் பெட்டிக்கு அழுகை எட்டிவிட்டால் போதும், கடிகாரம் அவள் மணிக்கட்டில் நடுங்கும். தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. கூடவே வந்த மலிவான பட்டை அரிப்பெடுத்ததால், அவனே கடை கடையாக ஏறி, அழுக்கும் வியர்வையும் ஒட்டாத உயர்ந்த ரகம் ஒன்றைத் தேடி மாட்டிவிட்டிருந்தான்.

அது அவளைவிட மகனுக்குத்தான் அதிகம் பிடித்தது. ஏழு மாதம்; பல் முளைக்கிற ஊறல். பால் குடித்து முடித்ததும் அந்தப் பட்டையை ஈறால் கடித்துக்கொண்டேதான் தூங்கிப்போவான். தினமும் வெந்நீரில் துடைக்கிற பட்டைதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம், மாடியில் குடியிருக்கும் நாத்தனார் கைப்பேசியும் கையுமாக இறங்கி வந்து, முகத்துக்கு நேரே நின்றாள்.

"இதப் படிச்சியா? இந்த மாதிரிப் பட்டையில என்னமோ ரசாயனம் சேக்குறாங்களாம், கறை பிடிக்காம இருக்க. தோல் வழியா உள்ள போகுமாம். போனா லேசுல வெளிய வராதாம். விலை கூடினதுலதான் ஜாஸ்தியாம்."

"அப்ப உங்க தம்பி பாத்துப் பாத்துத்தான் வாங்கியிருக்கார் அண்ணி."

"அவன் என்னைக்கு உருப்படியா ஒண்ணு வாங்கினான்? கழட்டித் தூரப் போடு."

போட்டாள். அன்றைக்கே பருத்தித் துணியில் நாலு மடிப்பு மடித்துப் புதுப் பட்டை தைத்து, கடிகாரத்தில் கோத்துக் கட்டிக்கொண்டாள். நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை வளையம் மேலே முழங்கைக்கும் கீழே விரல் நுனிக்கும் பரவியிருந்தது.

சோப்பு அதில் நுரைக்கவில்லை. எண்ணெய் தேய்த்தால் எண்ணெயும் திரண்டு விழுந்தது. பொத்தான் தைக்கும்போது ஊசி ஏறிவிட்டது. விரல் நுனியில் ரத்தம் ஒரு சிவப்பு மணியாக எழுந்து நின்றது, கையைச் சாய்த்தாள், மணி உருண்டு, மடியில் கிடந்த வெள்ளைத் துணியில் விழுந்து பரவியது. விரலில் கறை இல்லை. ஈரம்கூட இல்லை.

சாயங்காலம் கணவனிடம் காட்டினாள். அவன் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான்.

"மழைக்காலத்துல கோட்டுச் செலவு மிச்சம்" என்றான். பிறகு இன்னொரு முறை ஊற்றினான். சிரிப்பு போய்விட்டது. "வலிக்குதா?"

"இல்ல."

"திங்கக்கிழமை லீவு சொல்றேன். டாக்டர்கிட்ட போயிடலாம்."

அவன் பேசியதை அவள் பாதிதான் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால், பாயில் கிடந்த மகன் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை எட்டிப் பார்த்த நாத்தனார் கன்னத்தைக் கிள்ளினாள். "என்ன, நம்ம பூசணி ஒரே வாரத்துல புடலங்காயா இளைச்சுட்டான்? பால் பத்தலையா?"

"குடிச்சுக்கிட்டேதான் இருக்கான் அண்ணி."

உண்மைதான். விடிந்ததிலிருந்து நாலு முறை குடித்துவிட்டான். ஆனால் விடிந்ததிலிருந்து அவன் இடுப்புத் துணி நனையவே இல்லை. அதை நாத்தனாரிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

மதியம். சன்னல் வழியே வெயில் தரையில் சதுரமாகக் கிடந்தது. தையல் இயந்திரத்தின் அதிர்வு பாதத்தில் ஓடியது. மணிக்கட்டு நடுங்கியது.

தூக்கினாள். கொடுத்தாள். இழுத்து இழுத்துக் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கண் செருகியதும் தொட்டிலில் விட்டாள்.

நடுங்கியது.

மறுபடி கொடுத்தாள். மறுபடி விட்டாள்.

நடுங்கியது. நிற்கவில்லை.

எழுந்தபோது தரையில் ஒரு வெள்ளைப் பொத்தான் கிடந்தது. பழக்கத்தில் குனிந்து எடுக்கப்போனாள். விரல் பட்டதும் அது இரண்டானது. இரண்டும் உருண்டன.

பொத்தான் இல்லை.

இன்னொன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. தொட்டிலடியிலிருந்து ஒவ்வொன்றாக, தடமே இல்லாமல், வெயில் சதுரத்தைக் கடந்து சுவரோரம் போய்ச் சேர்ந்தன. ஒன்றை மோந்து பார்த்தாள். பால். அதோடு, புதுக்கார் வாடை.

தொட்டில் துணியை விலக்கினாள்.

மகன் வீறிட்டுக்கொண்டிருந்தான். இமையில் கண்ணீர் கண்ணாடி மணிகளாக நின்றது, கன்னம் காய்ந்திருந்தது. உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி வாயில் விட்டாள். நாக்கில் பட்ட மாத்திரத்தில் சிதறி, முகவாய் வழியே உருண்டு, கழுத்தை நனைக்காமல் ஓடி, கீழே விழுந்தது. இன்னொரு கரண்டி. ஓடியது. இன்னொன்று.

"அண்ணி" என்று கத்தினாள். கத்தினோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் வாயை இன்னும் அகலத் திறந்தான். நாக்கு எண்ணெய்க் காகிதமாகப் பளபளத்தது. அதன் பின்னால், தொண்டைக்குழி அடைய, காலையிலிருந்து குடித்த பால் முழுவதும் வெள்ளை மணிகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. அவளுக்குக் கேட்காத அந்த அழுகையில் அத்தனை மணிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.